'வயசாயிட்டு' என்று சொல்வதற்கு முன்



இந்த மாத ஆசிரியர் பக்கத்தை ஸ்ரீவைகுண்டத்தில், என் அத்தை வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே அத்தை பூக் கட்டிக்கொண்டிருக்கிறார். மடியில் ஈரத்துணி, அதன்மேல் பிச்சிப்பூ, பக்கத்தில் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்த வாழைநார். இரண்டு பூ மேலே, இரண்டு பூ கீழே வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி நுழைத்து இழுத்தால் ஒரு கண்ணி. ஒரு காலத்தில் பேச்சும் சிரிப்புமாக, பூவைப் பார்க்காமலேயே முழம் முழமாகக் கட்டித் தள்ளிய கை அது. இன்று ஒரு பூவை எடுக்கப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மூன்று தடவை முயல்கின்றன. நான்காவது தடவை பூ வருகிறது. நார் சில இடங்களில் தொளதொளவென்று இருக்கிறது. ஒரு சாண் கட்ட ஏறத்தாழ அரைமணி நேரம்.

இதைப் பார்த்துக்கொண்டே எழுதுவதால், எதையும் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இருக்கிற இந்த ஊர் சுற்றிலும் தண்ணீராகித் தனித்தீவானது. ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனதும், புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு கொடுத்ததும் ஊரறிந்த செய்தி. தண்ணீர் வடிந்த பிறகுதான் வீடுகளின் பாடு தொடங்கியது. பட்டாசல், அடுக்களை, புறவாசல் எங்கும் முழங்கால் அளவுக்கு வண்டல். உதவிக்கென்று நானும் போயிருந்தேன். ஏழாம் நாள் காலை, புறவாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்த அத்தை வழுக்கி முன்பக்கமாக விழுந்தார். தாடை துவைகல்லின் விளிம்பில் பட்டு, தலை பின்னால் மடங்கியது. அப்போது அவருக்கு வயது 68.

தாடையில் லேசான கீறல்; ரத்தமும் அதிகமில்லை. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். வலது அக்குளில் கை கொடுத்தது நான். இடது பக்கம் பக்கத்து வீட்டுத் தம்பி. இன்னொருவர் காலைப் பிடித்தார். தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினார். "கழுத்து பிடிச்சிருக்கு, சுளுக்குதான்" என்று சொல்லி ஒரு பெரியம்மா எண்ணெய் தடவி, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி நீவிவிட்டார். அத்தனையும் பாசத்தில் செய்தது. அத்தனையும் செய்யக் கூடாதது. இதை நான் எழுதக் காரணம், நாளை உங்கள் வீட்டுப் புறவாசலிலும் இதே பாசத்தோடு நாலு பேர் ஓடிவருவார்கள் என்பதுதான்.

அன்று ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு முழுக்க அத்தை, "ரெண்டு கையும் தீப் பட்ட மாதிரி காந்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை எழுந்து நடந்தார், கொஞ்சம் தள்ளாட்டத்தோடு. "நடக்காளே, பிறகென்ன?" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். மூன்றாம் நாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. கொண்டை போடக் கையைத் தூக்கினால் விரல்கள் முடியைப் பற்றவில்லை. "வாதமா இருக்கும்" என்றார் ஒருவர். "சவம், வயசாயிட்டுல்லா, என்னத்தைச் செய்ய" என்றார் இன்னொருவர். இதற்குள் இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. அதைக் கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவுதான் மகளிடம் மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல் கேட்டு அவள் பதறியதால்தான் பாளையங்கோட்டைக்கு வண்டி பிடித்தோம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: முறிந்தது எலும்பு அல்ல, கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கியிருந்தது.

தண்டுவடம் என்பதை நாம் முதுகெலும்போடு ஒன்றாக்கிப் பேசுகிறோம். முதுகெலும்பு, அடுக்கிவைத்த 33 எலும்புகளால் ஆன தூண். அதன் உள்ளே ஓடும் குழாயில், மூளையிலிருந்து இறங்கி வருகிறது தண்டுவடம். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன், தொட்டால் இளகும் அளவு மென்மை. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து கை, கால், குடல், சிறுநீர்ப்பை என்று உடம்பெங்கும் போகின்றன. எலும்பு முறிந்தால் சேரும். தண்டுவடத்தின் நரம்பிழை அறுந்தால் அப்படிச் சேருவதில்லை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் இழையைக் காட்டாது. "எலும்பு நல்லாயிருக்கு" என்ற ஒரே சொல்லில் பல வீடுகள் நிம்மதியடைந்து ஏமாந்துபோவது இதனால்தான்.

வயதானவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. கழுத்தெலும்புத் தேய்மானம் பாதிப் பேருக்கு மேல் இருக்கும். பலருக்கு வலியே இராது, இருப்பதே தெரியாது. தேய்ந்த இடத்தில் எலும்பு முள்போல வளர்ந்து, தசைநார் தடித்து, தண்டுவடம் ஓடும் பாதை ஏற்கெனவே குறுகிப்போயிருக்கும். இளவட்டப் பிள்ளைக்கு இந்த அளவு சேதம் வர, வண்டியில் போய் மோத வேண்டும். மாடியிலிருந்து விழ வேண்டும். எழுபது வயதுக்காரருக்குக் குளியலறையில் ஒரு சறுக்கல் போதும். தாடையோ நெற்றியோ இடித்துத் தலை பின்னால் மடங்குகிற அந்த ஒரு நொடியில், குறுகிய பாதைக்குள் தண்டுவடம் முன்னும் பின்னும் நெரிபடுகிறது. எலும்பில் ஒரு கீறல்கூட இராது. இப்படி அடிபட்டவர்களுக்குக் காலைவிடக் கை அதிகம் தளர்ந்துபோவதை 1954-ல் ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் விரிவாக எழுதிவைத்தார்கள். தண்டுவடத்தின் நடுப்பகுதி நசுங்குவதால் வருவது இது. நடப்பார்கள், ஆனால் டம்ளரைப் பிடிக்க மாட்டார்கள். "நடக்காளே" என்று நாங்கள் ஆறுதல்பட்டதே அந்தக் காயத்தின் அடையாளமாக இருந்தது. எழுபது ஆண்டுகளாக மருத்துவ நூல்களில் இருக்கிற இந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்துசேரவில்லை.

தண்டுவடக் காயம் என்றாலே இளைஞர்களின் துயரம் என்று உலகம் நினைத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1970-களில் இப்படி அடிபட்டவர்களின் சராசரி வயது 29. இன்று அது 40-ஐத் தாண்டிவிட்டது. மக்களின் ஆயுள் கூடியதும், முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே தவறி விழுவதும் அதற்குப் பெரிய காரணங்கள். நம் தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். இப்போது இன்னும் அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேர் அல்லது ஒரே ஒருவர். அந்த வீட்டுக் குளியலறையில் வழுவழுவென்று ஓடு பதித்திருப்போம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்காது.

எங்கள் மாவட்டத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டில் பனையேறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார். பதநீர்க் காலத்தில் ஒரே மரத்தில் காலையிலும் மாலையிலுமாக ஏறி இறங்க வேண்டும். இப்படி எத்தனையோ மரம். இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. அதனால் இன்று மரத்தில் இருப்பவர்களில் பலர் ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள். கருப்பட்டிக் காபி நமக்கெல்லாம் இப்போது பெருமை. கடைகளில் விலையும் கூடியிருக்கிறது. அந்தக் கருப்பட்டிக்குப் பதநீர் இறக்குகிறவர் கண் மங்கிய, மூட்டு தேய்ந்த ஒரு தாத்தா. அவர் விழுந்தால், ஆள் நடமாட்டமில்லாத காட்டில் யார் கண்ணில் படுவார், எப்போது படுவார்? பட்டதும் என்ன செய்கிறார்கள்? வேட்டியையோ சாரத்தையோ தொட்டில்போலக் கட்டி, உடம்பை வில்லாக வளைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். விழுந்ததில் பாதி, தூக்கியதில் மீதி என்று ஆகிவிடுகிறது. பனையேறிகள் சங்கங்களும் தொழிலாளர் நல வாரியமும் பாளை சீவப் பயிற்சி கொடுப்பதோடு, விழுந்தவரைத் தூக்கவும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் எவ்வளவு நல்லது!

கடற்கரைக்குப் போனால் அங்கும் இதே தண்டுவடம்தான். மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கிய தலைமுறை அது. இன்று தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்கள் கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு வெகுநேரம் ஆழத்தில் இருக்கிறார்கள். அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழ்விடுகிறது; சோடா மூடியைத் திறந்ததுபோல. அந்தக் குமிழ் தண்டுவடத்தைத் தாக்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடும். அதை வாதம் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டிய நோய் அது.

சரி, விழுந்துவிட்டால் என்ன செய்வது? தூக்காதீர்கள். இதைவிடக் கடினமான அறிவுரை நம் ஊரில் இல்லை. பெற்ற தாய் தரையில் கிடக்கக் கை கட்டி நிற்க யாருக்கு மனம் வரும்? ஆனால் தீ, தண்ணீர், வண்டி போன்ற ஆபத்து பக்கத்தில் இல்லையென்றால் கிடந்த கிடையிலேயே விடுங்கள். தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். "யம்மா, தலையைத் திருப்பாதிய, நான் இங்கனதான் இருக்கேன்." இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். சுளுக்கு எடுக்கவே கூடாது. கை விரல் அசைகிறதா, கால் விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று கேட்டு, கேட்ட நேரத்தையும் நினைவில் வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. வேறு வழியே இல்லாமல் நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் நாலைந்து பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்க, மரத்தடியை உருட்டுவதுபோல ஒரே நேரத்தில் உருட்டிக் கதவுப் பலகையில் ஏற்ற வேண்டும். மருத்துவமனையில் "எலும்பு முறியல" என்று சொன்ன பிறகும் கை காந்தினாலோ, விரல் தளர்ந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, திரும்பப் போய்த் தண்டுவடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

விழாமலேயே மெல்ல மெல்லத் தண்டுவடம் நசுங்குவதும் உண்டு. காலில் கிடக்கும் செருப்பு கழன்று போனதே தெரியாமல் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகும். பென்ஷன் வாங்கும் இடத்தில் "கையெழுத்து ஒத்துப்போகல" என்று சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இப்படி இருந்தால் அது மறதியோ சோம்பலோ அல்ல. விழுவதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் அது.

அத்தை கதைக்கு வருகிறேன். கழுத்தின் பின்பக்கம் திறந்து, நெரிக்கும் எலும்பை எடுத்துத் தண்டுவடத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டில் பெரிய பேச்சு. "இந்த வயசுல ஆபரேஷனா? இருக்கிறதோட இருந்துட்டுப் போறா" என்று சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. அத்தையின் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். ஆனால் இந்தச் சொல்லைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். முப்பது வயதுப் பிள்ளைக்கு இதே காயம் பட்டிருந்தால் நிலத்தை விற்றாவது பார்த்திருப்போம். மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். அறுபத்தெட்டு என்றதும் கணக்கு மாறிவிடுகிறது. முதியவர்களுக்கு அறுவைச் சிகிச்சையில் ஆபத்து அதிகம், தேறுவது குறைவு, மெதுவும்கூட. மருத்துவர் அதை மறைக்கவில்லை. எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதும் இல்லை. கழுத்துப் பட்டையும் பயிற்சியுமாகவே தேறுகிறவர்கள் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது காயமும் உடம்பின் நிலையும். ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதி அதை முடிவு செய்யக் கூடாது. கடைசியில் முடிவு சொன்னது அத்தைதான். அதுவரை யாரும் அவரைக் கேட்கவே இல்லை. "எனக்குக் கொண்டை போடணும் மருமவனே. செய்யச் சொல்லு" என்றார்.

இந்த ஊரில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்பார்கள். பெற்றவர்கள் அந்தப் பிள்ளையைத் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடத்திக் காத்திருந்தார்கள் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லும் கதை. பிள்ளைக்காக எத்தனை நாளும் காத்திருக்கிற மனசு நமக்குண்டு. அந்தக் காத்திருப்பில் கொஞ்சத்தை நம்மைப் பெற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது தோன்றியது.

கைவிடுவது என்பது வரலாற்றிலேயே இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ, ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். தண்டுவடம் நேராக உயிரை எடுக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் எடுத்தன. ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர் 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்றதும் பிடிவாதமாக ஒரு வேலையைச் செய்தார்: இரவு பகல் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் போடச் செய்தார். பெரிய மருந்தோ இயந்திரமோ இல்லை. பிழைக்க மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 1948-ல் அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் பிறந்தது அங்கேதான்.

நம் பக்கத்திலேயே பெரிய மனிதர்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவர் பால் பிராண்டின் தூண்டுதலால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை வளர்த்தார். 1966-ல் மறுவாழ்வு நிலையமும் வந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-ல் பெங்களூரில் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ஏர்மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஒரு சின்னப் பள்ளியாகத் தொடங்கியது இன்று தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் இடமாகவும் இருக்கிறது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது காயம்பட்டு 45 ஆண்டுகள். இருபது வயதில் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த ஒருவர் அறுபதைக் கடந்து ஊருக்கே ஆலமரமாக நின்றார் என்றால், அறுபதைக் கடந்து அடிபட்டவரைப் பார்த்து "இனி என்ன இருக்கு" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

வீட்டில் பராமரிப்பவர்களுக்கு, பெரும்பாலும் மகளுக்கும் மருமகளுக்கும், சில வார்த்தைகள். படுத்த படுக்கையாகிவிட்டால் குட்மன் சொன்ன அந்த இரண்டு மணி நேரம்தான் இன்றைக்கும் வீட்டுக்கு ஏற்ற கணக்கு. தண்ணீர் மெத்தை வாங்கிப் போட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மெத்தை உதவும், புரட்டாமல் விட்டால் புண் வரும். குதிகால், இடுப்பின் பின்பக்கம், புட்டம் ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளிறாவிட்டால் அது புண்ணின் முதல் படி. உணர்வில்லாத காலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். வெந்துபோனாலும் அவர்களுக்குத் தெரியாது. கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற வலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், உடனே தலையை உயர்த்தி உட்கார வையுங்கள். பிறகு சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பைகூட ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். குறையாவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதைத் தெரியாத செவிலியரும் இருக்கலாம். நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மாமியாரைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு இட்லி ஊற்றும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய இடுப்பும் ஒரு நாள் போய்விடும். அந்த இரண்டு மணி அலாரத்தில் ஒன்றையாவது வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தை வீட்டில் மாமா எடுத்துக்கொண்டார். எழுபத்து மூன்று வயதில் அவர் கற்றுக்கொண்ட முதல் வீட்டு வேலை அத்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுவது.

அரசு தரப்பில் நல்லவையும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். இந்தத் தெருவில் அவர் வரும் நாளை அத்தை காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு வயது வரம்பே கிடையாது. ஆனாலும் அறுபது தாண்டியவர்கள் விண்ணப்பிப்பதில்லை. "அது பிள்ளைகளுக்கு உள்ளது" என்று விட்டுவிடுகிறார்கள். தூத்துக்குடி ஆட்சியர் வளாகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுக்க ஒரு பேரனோ பேத்தியோ கூடப் போனால் போதும். சாலை விபத்துக்கு, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தர 'இன்னுயிர் காப்போம்' என்று ஒரு திட்டம் நம் மாநிலத்தில் உண்டு. எத்தனையோ உயிரைக் காத்த திட்டம். வீட்டுக்குள் விழும் முதியவருக்கும் அப்படி ஒரு பெயர் சொல்லும் திட்டம் வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியே கேட்கிறேன்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒரு எஃகுக் கம்பி. குளியலறையில் இடுப்புயரத்தில் ஒன்று, கக்கூஸில் ஒன்று. தரையில் வழுக்காத சொரசொரப்பு ஓடு. புறவாசல் படியில் ஒரு விளக்கு. உங்கள் ஊர்க் கொத்தனாருக்கு அரை நாள் வேலை. தாமிரபரணிப் படித்துறைகளில் பாசி வழுக்கும் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிடிகம்பி நட்டால், மார்கழியில் விடிகாலை குளிக்கப் போகும் பெரியவர்கள் எத்தனை பேர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்! இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும் வீட்டில் இருக்கும் மூத்தவரைக் குளியலறைக்குள் ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லுங்கள். அவர் கை தானாக எந்த இடத்தைத் தேடிப் பிடிக்கிறதோ, அங்கேதான் கம்பி வேண்டும். அப்படிக் கம்பி நட்டவர்கள், விழுந்தவரைத் தூக்காமல் காத்தவர்கள், இரண்டு மணி அலாரத்தோடு வாழ்கிறவர்கள் எல்லாரும் எனக்கு எழுதுங்கள். கை நடுங்கிக் கோணலாக எழுதிய கடிதமென்றால் அதை முதலில் படிப்பேன்.

எழுதி முடிக்கும்போது மணி ஐந்தே முக்கால். அத்தை நாரின் முனையைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். "பாரு மருமவனே, அரை முழம் வந்துட்டு." கள்ளபிரான் கோயில் நடை சாயரட்சைக்குத் திறந்திருக்கும். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். சரத்தில் இரண்டு பூ தொங்கிக்கொண்டிருக்கிறது. அத்தை அதைப் பிரித்து, மறுபடியும் கட்டத் தொடங்குகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்